பார்வை குறைந்த மகனுக்குத் தமிழ்ப் பயிற்சித்தாளை மட்டும் கைப்பேசி வாசிக்க மாட்டேன் என்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்பனை_அம்மா (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பழ லோரி ஓட்டுகிறார், நான் டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். மகனுக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான்.

பிறந்தபோதே அவனுக்கு முடியும் வெள்ளை, தோலும் வெள்ளை. அல்பினிசம் என்றார்கள். கண்மணி நிற்காமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. கண்ணாடி போட்டும் பார்வை 6/60தான். மற்றவர்கள் 60 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதை இவன் 6 மீட்டருக்குள் வந்தால்தான் பார்ப்பான் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். சமூக நல இலாகாவில் பதிந்து ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்துவிட்டோம்.

புத்தி நன்றாக இருக்கிறது. வாய்ப்பாடு 12 வரைக்கும் சொல்வான். ஒரு தடவை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். எழுத்துதான் அவனை நிறுத்துகிறது. வெண்பலகை தெரியாது. முன் வரிசையில் உட்கார்ந்தும் தெரியவில்லை. அதனால் வகுப்பு டீச்சர் நல்ல மனசோடு பயிற்சித்தாள்களை எனக்கு வாட்சப்பில் அனுப்புகிறார். என் பழைய கைப்பேசியை அவனிடம் கொடுத்து, எழுத்தைத் தொட்டால் வாசிக்கும் வசதியைத் தம்பி மகன் போட்டுக் கொடுத்தான்.

மலாய்த் தாளை அழகாக வாசிக்கிறது. ஆங்கிலமும் அப்படியே. தமிழ்த் தாளைத் திறந்தால்தான் கஷ்டம். சில தாளில் ஒரு சத்தமும் வராது. சில தாளில் வரும், ஆனால் என்ன பாஷை என்றே தெரியாது. போன வாரம் தலைப்பில் 'தமிழ்மொழி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, என் கண்ணுக்கே தெரிகிறது. கைப்பேசி அதை 'ஜே கே பி ஓ' என்று ஆங்கில எழுத்தாக வாசித்தது. மகன் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அம்மா, இதுக்குத் தமிழ் தெரியாது போல"ன்னு சொன்னான்.

கணிதம், அறிவியல், வரலாறு என்று முக்கால்வாசிப் பாடம் தமிழில்தானே. நான் இரவு 9 மணிக்கு வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். கடையில் கணக்கு முடிக்கும் நாளில் அதுவும் முடியாது.

இன்னொரு விஷயம். தாளைப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். பள்ளியில் ஏ3 தாளில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். மேசையை விட்டு வெளியே தொங்குகிறது, மின்விசிறிக்குப் பறக்கிறது. அப்படியும் அவன் மூக்கு உரசுகிற மாதிரி குனிந்துதான் படிக்கிறான். அவன் எப்போதும் தலையை இடப்பக்கம் சாய்த்து, முகவாயைத் தாழ்த்தித்தான் எதையும் பார்ப்பான். வேறு பாடத்துக்கு வருகிற ஒருவர் அதைத் திமிர் என்று நினைத்து, "தலையை நேரா வை" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தலையை நேராக வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

சொந்தக்காரர்கள் ஜோகூர் பாருவில் இருக்கிற பார்வையற்றோர் பள்ளி விடுதியில் சேர்க்கச் சொல்கிறார்கள். இங்கேயே வைத்துக்கொண்டு படிக்க வைக்க வழி இருக்கிறதா? என்ன கருவி வாங்க வேண்டும்? வசதி அதிகம் இல்லை, ஆனால் தேவை என்றால் சேர்த்து வாங்கிவிடுவோம்.


ஆசிரியை_கூலிம்

சகோதரி, நான் கெடாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியை. எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் கைப்பேசிக்குத் தமிழ் தெரியும். அந்தத் தாளில்தான் தமிழ் இல்லை. பல பள்ளிகளில் பயிற்சித்தாள்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த முறையில் கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும், அவ்வளவுதான். ஜே என்ற விசையை அழுத்தினால் 'த' வடிவம் வரும், கே அழுத்தினால் 'ம', பி அழுத்தினால் இகரக் கொக்கி, ஓ அழுத்தினால் 'ழ'. நம் கண்ணுக்குத் 'தமிழ்'. கைப்பேசி போர்வையைப் பார்க்காது, உள்ளே இருப்பதை வாசிக்கும். உங்கள் மகன் கேட்டது அதைத்தான்.

எந்தத் தாளில் என்ன கோளாறு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். தாளில் ஒரு வரியை விரலால் அழுத்திப் பிடித்து, நகலெடுத்து, வாட்சப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் பழைய எழுத்துரு. வரியைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம், யாரோ வருடி அனுப்பியது. அழகான தமிழாக ஒட்டியும் சத்தம் வரவில்லை என்றால் கைப்பேசியில் தமிழ்க் குரல் இறங்கவில்லை. அமைப்புகளில் எளிய அணுகல் பகுதிக்குப் போய், உரையைப் பேச்சாக்கும் இடத்தில் குரல் தரவை நிறுவச் சொல்லித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். காசு கிடையாது. வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால் டவுனில் வைத்து இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு இணையம் இல்லாமலே பேசும்.

படமாக வரும் தாளுக்குக் கூகள் லென்ஸ் போதும். கைப்பேசியை மேலே காட்டினால் தமிழ் எழுத்தைப் பிரித்தெடுத்து வாசிக்கும். கணினி இருந்தால் படத்தைக் கூகள் டிரைவில் ஏற்றி, கூகள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறிவிடும். ல, ள, ழ தடுமாறும், ஒருமுறை திருத்த வேண்டும். பாமினித் தாளையும் திரைப்பிடிப்பு எடுத்து இதே வழியில் போட்டால் வேலை முடியும்.

ஆனால் இந்தத் திருத்தும் வேலை உங்கள் தலையில் விழக்கூடாது, ஆசிரியர் பக்கமே முடிய வேண்டும். யூனிகோட்டில், அதாவது கணினிக்குள்ளேயும் தமிழ் எழுத்தாகவே பதிவாகும் முறையில், தட்டச்சு செய்வது இன்றைக்குப் பெரிய காரியம் இல்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நமக்குத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கைப்பேசியில் நாம் தட்டுகிற தமிழ் எல்லாம் யூனிகோட்தான். நான் தட்டச்சில் மெதுவு. அதனால் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியின் குரல் தட்டச்சில் வாய்விட்டு வாசித்துவிடுவேன். இரண்டு பக்கத் தாளுக்குத் திருத்தத்தோடு 20 நிமிடம் ஆகும். அந்தக் கோப்பு அடுத்த ஆண்டுக்கும் உதவும். உங்கள் வகுப்பு ஆசிரியை தாளை அனுப்புகிற அளவுக்கு அக்கறை உள்ளவர். காரணத்தை எடுத்துச் சொன்னால் நிச்சயம் செய்வார், அவருக்கு இது தெரிந்திருக்காது.

ஏ3 நகல் பற்றி: ஏ4-ஐ ஏ3 ஆக்கினால் எழுத்து 141 விழுக்காடுதான் பெரிதாகும். 12 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து 17 ஆகும், தாள் மட்டும் இரண்டு பங்கு. நகல் இயந்திரத்தில் மெய்யெழுத்தின் புள்ளிகள் வேறு மங்கிப்போகும். கோப்பு கையில் இருந்தால் அதே ஏ4 தாளில் 24 புள்ளி அளவில், தடித்த எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு அச்சிடலாம். பக்கம் கூடும், கூடட்டும்.


வெயில்கண்ணன்

அக்கா, நான் உங்கள் மகன் மாதிரிதான். எனக்கும் அல்பினிசம், வயது 38. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் பிறந்தேன், இப்போது ஈப்போவில் கணக்குப் பிரிவில் வேலை. உங்கள் பதிவைத் திரையில் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றி, இரண்டு முறை படித்தேன்.

முதலில் அந்தத் தலை. அவன் தலையைச் சாய்ப்பது அவன் கண் கண்டுபிடித்த வழி. ஆடுகிற கண்மணிக்கு ஏதாவது ஒரு கோணத்தில் ஆட்டம் குறையும். அந்தக் கோணத்தில்தான் எழுத்து கொஞ்சம் நிற்கும். எனக்கு வலப்பக்கம், உங்கள் மகனுக்கு இடப்பக்கம். தலையை நேராக்கச் சொன்னால் இருக்கிற பார்வையையும் பிடுங்கிக்கொள்வதாக ஆகிவிடும். கண்ணாடி முன்னால் பழக வேண்டாம் என்று இன்றைக்கே அவனிடம் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் இதை ஒரு கடிதமாக வாங்கி, அவனுக்குப் பாடம் எடுக்கிற எல்லா ஆசிரியருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அந்தக் கடிதத்திலேயே இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சபைகூடலில் தொப்பியும் நிறக் கண்ணாடியும் அணிய அனுமதி வேண்டும். புத்தகத்தைக் கிட்ட வைத்துப் படிப்பதால் கண் கெடாது. இந்த இரண்டாவதுக்காக நான் வாங்கிய அடி கொஞ்சமில்லை.

உட்காரும் இடம். முன் வரிசை என்று மட்டும் சொல்லாதீர்கள். சன்னல் அவன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். முகத்துக்கு எதிரே சன்னல் இருந்தால் அவனுக்கு எல்லாமே வெள்ளைப் புகை. வெண்பலகையும் பளபளப்பு, வெளிச்சம் பட்டால் எழுத்து கரைந்துவிடும். நீலம், பச்சை, சிவப்பு மார்க்கர் எங்களுக்கு எழுதாத பலகைதான். கறுப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கருவி என்று கேட்டீர்கள். நான் சொல்வது மூன்றே. அரைக்கோளமாக இருக்கும் கண்ணாடிக் குமிழ், புத்தகத்தின் மேல் வைத்து வரிவரியாக நகர்த்தலாம், சுற்றி இருக்கும் வெளிச்சத்தையும் அதுவே எழுத்தின் மேல் சேர்த்துக் கொடுக்கும். பலகைக்குக் கையடக்கமான ஒற்றைக்கண் தொலைநோக்கி. அதைக் கண் மருத்துவமனையில் அளந்து சொன்ன பிறகு வாங்குங்கள், இணையத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மூன்றாவது சாய்வுப் பலகை. அதை வாங்கவே வேண்டாம். பிளைவுட் துண்டும் இரண்டு கீலும் போதும், கீழ் விளிம்பில் புத்தகம் வழுக்காமல் ஒரு ரீப்பர். எனக்கு அப்பா செய்து கொடுத்தார். அது வருவதற்கு முன்னால் மத்தியானமானால் கழுத்துவலியில் அழுவேன்.

கைப்பேசியில் மூன்று முறை தட்டினால் திரை பெரிதாகும் வசதி, நிறத்தைத் திருப்பும் வசதி இரண்டையும் போட்டுக் கொடுங்கள். அவனுக்குக் காது மட்டும் போதாது. கண்ணால் படித்து, களைத்த பிறகு காதால் கேட்க வேண்டும். கேட்டே படித்தால் எழுத்துக்கூட்டல் போய்விடும். எனக்கு 'ர'வும் துணைக்காலும் வித்தியாசம் என்று ஐந்தாம் ஆண்டில்தான் தெரிந்தது. புள்ளி எங்கே வரும் என்று ஊகித்தே எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் கட்டுரை நோட்டை எடுத்து மெய்யெழுத்துகளைப் பாருங்கள்.


பாட்டி_பீடோர்

பிள்ளையை விடுதிக்கு அனுப்பினால் தனியாக நிற்கக் கற்றுக்கொள்வான் அம்மா. அங்கே பிரெயில் சொல்லித் தருவார்கள், அவனைப் போன்ற கூட்டாளிகளும் இருப்பார்கள். என் அக்கா மகன் அப்படிப் படித்துத்தான் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறான். பாசத்தால் பிடித்து வைக்காதே.


வெயில்கண்ணன்

பாட்டி, உங்கள் அக்கா மகனுக்கு அது சரியான இடமாக இருந்திருக்கும். முழுதாகப் பார்வை இல்லாத பிள்ளைக்கும், போகப் போகப் பார்வை மங்கும் நோய் உள்ள பிள்ளைக்கும் பிரெயில் உயிர் மாதிரி. அல்பினிசத்தில் பொதுவாகப் பார்வை அப்படியே நிற்கும், வயதோடு இறங்கிக்கொண்டே போகாது. இந்தப் பையனுக்கு அச்செழுத்தே காலத்துக்கும் உதவும். ஜோகூர் பாரு அவர்கள் வீட்டிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல், அங்கே பாடம் மலாயில். பத்து வயதில் தாயையும் தமிழையும் ஒரே நாளில் விட்டுப் போக வேண்டிய அவசியம் இவனுக்கு இல்லை என்பது என் எண்ணம்.


ஆசிரியை_கூலிம்

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது சகோதரி. உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008-இல் 28ஆம் பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக்கூடாது என்றும் கருவி, பாடப்பொருள், கற்பிக்கும் முறை ஆகியவற்றை அவர்களுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையும் நடப்பில் இருக்கிறது. இதைச் சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் பேசப் போகும்போது தயங்காமல் உட்கார்ந்து பேசுவதற்காகச் சொல்கிறேன்.

கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுபோக முடியாது என்பார்கள், கட்டொழுங்கு ஆசிரியரின் கவலை நியாயமானது. கைப்பேசி என்று கேட்காதீர்கள். அழைப்பு வசதி இல்லாத தட்டைக் கணினி, படிப்பு உதவிக் கருவியாக, வகுப்பு ஆசிரியை பொறுப்பில் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள், மருத்துவர் கடிதத்தை இணையுங்கள். அவனைச் சிறப்புத் தேவையுள்ள மாணவராகப் பள்ளியில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஓகேயூ அட்டை வேறு, பள்ளிப் பதிவு வேறு. சிறப்புக் கல்விப் பதிவில் இருந்தால் மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகைக்கு வழி உண்டு. கருவிக்குச் சமூக நல இலாகாவிலும் உதவி உண்டு, வாங்குவதற்கு முன்னால் மனுப் போடுங்கள். பின்னால் இடைநிலைப்பள்ளி முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும்போது பெரிய எழுத்துத் தாளும் கூடுதல் நேரமும் கேட்க இந்தப் பதிவுகள்தான் சான்று.


செம்பனை_அம்மா (சுங்கை சிப்புட்)

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கூலிம் டீச்சர் சொன்னபடி வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். ஒன்பது தாளில் ஆறு பாமினி, இரண்டு படம், ஒன்று நல்ல தமிழ். அந்த நல்ல தமிழ்த் தாளும் ஏன் ஊமையாக இருந்தது என்றால் குரல் இறக்கவில்லை. கடையில் இருந்தபடியே இறக்கினேன். ஒன்பதையும் வகுப்பு டீச்சரிடம் காட்டினேன். அவர் உட்கார்ந்து அந்த 'ஜே கே பி ஓ'வைத் தன் காதால் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை நாளா இதைத்தான் அனுப்பினேனா"ன்னு கேட்டார். மறுநாளிலிருந்து யூனிகோட்டில் வருகிறது, அறிவியல் மட்டும் இன்னும் பழைய தாள். அந்தப் பாடத்து ஆசிரியருக்கு இவரே சொல்லித் தருகிறார்.

ஈப்போவில் கடிதம் வாங்கினேன். தலைச் சாய்வு, தொப்பி, கிட்ட வைத்துப் படிப்பது, மூன்றையும் டாக்டர் எழுதினார். தலைமையாசிரியரே ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டியிருக்கிறார். சத்தம் போட்டவர் மகனிடம் வந்து, "உனக்கு எப்படி வசதியோ அப்படிப் பார்"னு சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதும்.

சாய்வுப் பலகையைத் தோட்டத்துத் தச்சர் ஐயா செய்து கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், ஒரு பை ரம்புத்தான் கொடுத்தோம். ரீப்பருக்கு மணல்தாள் போட்டு, கை உரசாத மாதிரி வழவழவென்று தேய்த்திருந்தார். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருக்கிறார்கள்.

வெயில்கண்ணன் தம்பி சொன்னதும் சரி. கட்டுரை நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'பட்டம்' என்பதில் 'ட்'டுக்குப் புள்ளி இல்லை, 'ம்'முக்கு இருக்கிறது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று காதால் கண்டுபிடித்திருக்கிறான், நடுவில் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அதற்கெல்லாம் சிவப்பு வட்டம் வாங்கியிருக்கிறான். நாங்கள் கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறோம். போன வியாழக்கிழமை 24 புள்ளி அளவு எழுத்தில் தாள் வந்தது. குமிழை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்று, "அம்மா, இங்க ரெண்டு புள்ளி இருக்கு"ன்னான். 'வண்ணத்துப்பூச்சி' என்ற சொல். நான் எண்ணிப் பார்த்து, நான்கு இருக்கிறதே என்றேன். மறுபடி முதலிலிருந்து நகர்த்தி, விரலை வைத்து நான்கையும் காட்டினான்.

தட்டைக் கணினி மனுவை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்பியிருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். பதில் வரவில்லை. தொலைநோக்கிக்கு அளக்க ஈப்போவில் அடுத்த மாதம் 14ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இடையில் ஒன்று கேட்க வேண்டும்: அறிவியல் பாடத்தில் செடியின் பாகம், மின்சுற்று மாதிரிப் படங்களைக் குரல் வாசிக்காது, பெரிதாக்கினால் பெயர் ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமும் போய்விடுகிறது. அதற்கு யாராவது ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா?


வெயில்கண்ணன்

அக்கா, எனக்கு அம்மா கறுப்பு மார்க்கரில் ஒரு தாளுக்கு ஒரு படம் என்று வரைந்து தருவார். எல்லாக் கோட்டையும் வரைய வேண்டாம், கேள்வியில் வருகிற பாகம் மட்டும் போதும். பெயர்களைப் பாகத்தின் மேலேயே எழுதிவிடுங்கள், அம்புக்குறி வேண்டாம். செடி என்றால் செடியையே பிடுங்கி மேசையில் வைத்துவிடுங்கள். மின்சுற்றுக்கு ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு கம்பி. 14ஆம் தேதி ஈப்போவுக்கு வரும்போது அவனை அழைத்து வருவீர்கள்தானே? நேரம் இருந்தால் இங்கே தனிச்செய்தி போடுங்கள். என் தொலைநோக்கியைக் கொண்டு வருகிறேன், எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் காட்டுகிறேன்.